விறகும் ஓர் உரிமையே

(டயகமவில் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் மரக்கறிச் செய்கையாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



டயகம என்ற பெயரை அறியாத தொழிற்சங்கவாதி மலைநாட்டில் இல்லை. 1956ஆம் ஆண்டு இம்மண்ணில் எழுந்த போராட்டத்தில் ஏபிரகாம் சிங்கோ என்ற தொழிலாளி உயிர் நீத்தார். அப்பெயரை நெஞ்சில் இருத்தி நமது உரையைத் தொடங்குவோம். இத்தகைய மேடைகளில் ஏறுவோர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவர். காணியைப் பற்றிப் பேசுவர். வீட்டைப் பற்றிப் பேசுவர். அவை யாவும் பேசப்பட வேண்டியவையே. எனினும், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் அடுப்பில் எரியும் நெருப்பு.

ஒரு நாடு தனக்கு வேண்டிய வெப்பத்தை எதை எரித்துப் பெறுகிறது? நிலக்கரியையா, விறகையா, வைக்கோலையா? அவ்வாறு பெற்ற வெப்பம் எவர் வீட்டுக்குச் சென்று சேர்கிறது? இவ்விரண்டு வினாக்களுக்கும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக விடை கண்டிருக்கிறது. அவ்விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எரிபொருளை மண் தருகிறது. வெப்பத்தைப் பங்கிடுவது சட்டம். மலைநாட்டுத் தொழிலாளியின் அடுப்பு புகைவதற்கும் அப்பங்கீட்டில் உள்ள குறையே முதற் காரணம் என்பதை எடுத்துக்காட்டுவதே நமது நோக்கம்.

விறகின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் நீரின் சூட்டை ஒரு பாகை உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பத்தை ஒரு கிலோகலோரி என்பர். நல்ல நிலக்கரி ஒரு கிலோவை எரித்தால் ஏறத்தாழ 6,000 கிலோகலோரி கிடைக்கும். காற்றில் நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோவில் 3,500 அளவு கிடைக்கும். அன்று வெட்டிய பச்சை விறகிலோ எடையிற் பாதி நீராகவே இருக்கும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் வலிமை கழிந்துபோக, 2,000 அளவே மிஞ்சும்.

தமிழ்நாட்டில் நெய்வேலி என்றோர் ஊர் உண்டு. அங்கே 1956இல் அரசு நிறுவனமொன்று தொடங்கப்பெற்று, பழுப்பு நிலக்கரி தோண்டி எடுக்கப்படுகிறது. அக்கரியிலும் ஏறத்தாழப் பாதி நீரே. ஆதலால் ஒரு கிலோவுக்கு 2,600 கிலோகலோரி அளவே அது தரும். நன்கு உலர்ந்த விறகு நெய்வேலிக் கரியினும் மிகுந்த வெப்பம் தருகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். கணக்கு அதைத்தான் சொல்கிறது. தரம் தாழ்ந்த அக்கரியைக் கொண்டே ஒரு பெருந்தொழில் எழுப்பப்பெற்றது. அதைச் சுட்டுக் கட்டியாக்கி, ‘லெக்கோ’ என்ற பெயரில் அடுப்புக்கும் சிறுதொழிலுக்கும் ஒருகாலத்தில் விற்றனர். கிடைத்ததை வைத்துக்கொண்டு திட்டம் வகுத்தார்கள். 

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மழையில் நனையும் விறகுக்கும், கூரையின் கீழ் சில மாதம் காய்ந்த விறகுக்கும் உள்ள வேறுபாடு, ஓர் எரிபொருளுக்கும் மற்றோர் எரிபொருளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒத்தது. தேயிலைத் தொழிற்சாலையில் விறகை அடுக்கி உலரவைக்க இடமுண்டு. லயத்துக் காம்பராவில் அதற்கு இடமில்லை. எனவே தொழிற்சாலைக்குச் செல்லும் விறகு 3,500 தருகிறது. உங்கள் அடுப்புக்கு வரும் விறகு 2,000 தருகிறது. அந்த 2,000த்திலும், மூன்று கல் வைத்த அடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கே பானையைச் சேர்கிறது. எஞ்சியவை சுவரையும் கூரையையும் தாய்மாரின் நுரையீரலையும் சேர்கின்றன. வீட்டுக்குள் எரியும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நாடுகள் தம் வெப்பத்தைப் பங்கிட்ட விதம்

இனிப் பிற நாடுகளைப் பார்ப்போம்.

பிரித்தானியாவில் நிலக்கரி தோண்டிய சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கரியும் கிடைத்தது. இலவசமாகவோ சலுகை விலையிலோ தன் வீட்டடுப்புக்குக் கரி பெறும் உரிமை அவனுக்கு இருந்தது. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் பழைய தொழிலாளருக்கும் விதவைகளுக்கும் அச்சலுகையை அரசாங்கமே ஏற்று நடத்தியது. அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. கரியின் காலம் முடிந்தும் கரித் தொழிலாளியின் உரிமை முடியவில்லை. போலந்திலும் சுரங்கத் தொழிலாளிக்குக் கரிப் பங்கு கொடுக்கும் வழக்கம் நெடுநாள் நிலவியது. எரிபொருளை ஈட்டித் தருபவன் வீடு குளிரக்கூடாது என்ற நியாயத்தை முதலாளியும் மறுக்க இயலாத நிலையைத் தொழிலாளர் உண்டாக்கினர்.

டென்மார்க்கைப் பாருங்கள். 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியபோது, அந்நாடு தனக்கு வேண்டிய எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்களவுக்கு வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருந்தது. 1979இல் வெப்ப வழங்கலுக்கென்றே தனிச்சட்டம் இயற்றினர். மின்நிலையத்தில் வீணாகும் சூட்டைக் குழாய் வழியே ஊருக்குள் அனுப்பினர். மரச்சீவலையும் குப்பையையும் எரித்தனர். விவசாயிகளின் வயலில் எஞ்சிய வைக்கோலை விலை கொடுத்து வாங்கி எரித்தனர். இன்று அந்நாட்டு வீடுகளில் மூன்றில் இரண்டு பங்களவு இவ்வாறு பொதுக் குழாயிலிருந்து வெப்பம் பெறுகின்றன. அங்கே வெப்பத்தை இலாபத்துக்கு விற்கலாகாது என்பது விதி. வழங்கும் நிலையங்கள் பல, பாவனையாளர் கூட்டுறவுக்கே சொந்தம். வைக்கோல் எல்லா நாட்டு வயலிலும் இருக்கிறது. அதை ஊருக்கு வெப்பமாக மாற்றியது அச்சட்டமே.

சீனாவிலோ அரசு ஒரு கோடு கிழித்தது. 1950களில், ஹுவாய் ஆற்றையும் சின்லிங் மலைத்தொடரையும் எல்லையாகக் கொண்டு, வடக்கே உள்ள நகரங்களுக்கு மாரிகாலத்தில் நிலக்கரி வெப்பம் வழங்குவதென்றும், தெற்கே இல்லையென்றும் வகுத்தனர். ஆற்றின் ஒரு கரையில் இருந்தவன் குளிர்காய்ந்தான். மறுகரையில் இருந்தவன் நடுங்கினான். ஆயினும் கதை அங்கே முடியவில்லை. கரிப்புகை மிகுந்த வடபகுதியில் சராசரி ஆயுள் மூன்றாண்டளவு குறைந்ததென 2017இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. வெப்பத்தைக் கொடுத்தாற் போதாது, புகையையும் நீக்க வேண்டும் என்ற பாடம் அதிலே இருக்கிறது.

அப்பாடத்தைப் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரம் கற்றுக்கொண்டது. அந்நகரில் 2019 செப்டெம்பர் முதல் வீடுகளிற் கரியும் விறகும் எரிப்பது தடுக்கப்பட்டது. ஆனால் தடையைப் போடுவதற்கு முன்னரே, பழைய அடுப்பை மாற்றுவதற்கு மக்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவி வழங்கப்பட்டது. மாற்று வழியைக் கையிற் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே பழைய வழியை அடைத்தார்கள். இவ்வரிசையை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

தேயிலை விளையும் நாடுகள்

இனி நமது தொழிலுக்கு வருவோம். கொழுந்து கூடையில் விழும்போது அதன் எடையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்குவரை நீர். தேயிலையாகிப் பெட்டியில் ஏறும்போது நூற்றுக்கு மூன்று பங்களவே நீர் இருக்கும். இடையில் உள்ள நீரை விரட்டுவது வெப்பம். வாட்டும் தட்டுக்கு இளஞ்சூடான காற்று வேண்டும். உலர்த்தும் பொறிக்கு 100 பாகை அளவிற் கொதிக்கும் காற்று வேண்டும். தேயிலைத் தொழில் என்பது பாதிக்குப் பாதி நெருப்புத் தொழில்.

இந்நெருப்பை ஒவ்வொரு தேயிலை நாடும் ஒவ்வொன்றால் மூட்டுகிறது. அசாமில் மாக்கும் பகுதியில் நிலக்கரி உண்டு. எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வாயுவும் உண்டு. 1962இல் அங்கே வாயு வழங்குவதற்கென அரசு கம்பெனியொன்று அமைக்கப்பட்டது. ஆதலின் அசாம்த் தேயிலை பெரும்பாலும் கரியிலும் வாயுவிலும் உலர்கிறது. நம் தமிழர் வாழும் நீலகிரியிலோ விறகே முதன்மை. கென்யாவிலும் விறகுதான், ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் ஓர் அமைப்பின் கீழ்த் தொழிற்சாலைகளுக்குப் பங்குதாரராய் இருக்கின்றனர். அத்தொழிற்சாலைகள் நிலம் வாங்கி, விறகுக்கென்றே யூகலிப்டஸ் தோப்புகளை வளர்க்கின்றன. தேயிலைக்கு ஒரு நிலம், விறகுக்கு ஒரு நிலம் எனத் திட்டமிட்டிருக்கின்றனர்.

இலங்கையில் தோண்டி எடுக்கத்தக்க நிலக்கரி இல்லை. 1885இல் நானுஓயாவரை வந்த புகைவண்டி இறக்குமதிக் கரியில் ஓடியது. தேயிலைத் தொழிற்சாலைகளோ காடழித்த விறகில் தொடங்கி, எண்ணெய் மலிந்திருந்த காலத்தில் பல எண்ணெய்க்கு மாறி, 1970களில் விலையேறியதும் மீண்டும் விறகுக்குத் திரும்பின. இன்று மலைநாட்டு யூகலிப்டஸும் சவுக்கும், தாழ்நாட்டிலிருந்து லொறியில் வரும் இறப்பர் விறகும் அவற்றின் உலையை நிரப்புகின்றன.

எவ்வளவு விறகு? தொழிற்சாலையின் திறத்துக்கும் விறகின் ஈரத்துக்கும் ஏற்ப, ஒரு கிலோ தேயிலைக்கு ஒரு கிலோ முதல் இரண்டு கிலோவரை விறகு செலவாகிறது. நாட்டின் ஆண்டு உற்பத்தியை 25 கோடி கிலோ எனக் கொண்டால், இரண்டரை இலட்சம் தொன் முதல் ஐந்து இலட்சம் தொன்வரை விறகு ஆண்டுதோறும் எரிகிறது.

இப்பெருங்கணக்கை ஒரு தாயின் கணக்காகச் சுருக்குவோம். நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. ஆகவே அவர் கொழுந்து நாலு கிலோ தேயிலையாகிறது. அதை உலர்த்துவதற்கு நாலு முதல் எட்டுக் கிலோ விறகு எரிகிறது. ஒரு குடும்பத்துக்குச் சோறு வடிக்கவும் பிள்ளைக்கு வெந்நீர் வைக்கவும் வேண்டிய விறகைத் தொழிற்சாலை அவருடைய ஒரு நாட் கொழுந்துக்காகச் செலவிடுகிறது. அவரோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலை மங்கும் வேளையில் விறகு தேடிச் செல்கிறார். கொழுந்து உலரவேண்டும் என்பதற்குத் திட்டம் உண்டு, பணம் ஒதுக்கீடு உண்டு, பொறுப்பாளர் உண்டு. கொழுந்தெடுத்தவர் வீட்டுச் சோறு வேகவேண்டும் என்பதற்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை.

அசாமிலும் வடவங்கத்து டுவார்ஸிலும் தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு உணவுத் தானியமும் தேயிலையும் விறகும் பண்டமாகக் கொடுக்கும் வழக்கம் இருந்துவருகிறது. அங்கே எல்லாம் செம்மையாக நடக்கிறது என நாம் சொல்ல வரவில்லை. விறகு நிலுவை கேட்டுத் தொழிலாளர் போராடுவதும் உண்டு. ஆனால் நிலுவை என்று கேட்பதற்கு முதலில் கடன் என்று ஒன்று இருக்க வேண்டுமன்றோ? இங்கே கடனே இல்லை. ஆகவே நிலுவையும் இல்லை. சில தோட்டங்களிற் கவ்வாத்து மிலாற்றையும் பிடுங்கிய பழந்தேயிலைச் செடியையும் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். அது துரையின் தயவு. நாளைக்கு வேறு துரை வந்தால் அதே மிலாறு களவுப் பொருளாகிவிடும்.

மலையின் நீரும் கடற்கரைக் கரியும்

மின்சாரம் இருக்கும்போது விறகு எதற்கு என்று நகரத்து நண்பர் சிலர் கேட்பர். அவர்களுக்கும் விடை கூறுவோம்.

இங்கிருந்து இறங்கும் ஆக்ரோயா, கொத்மலை ஓயாவைச் சேர்ந்து தலவாக்கலையை அடைகிறது. அங்கே 150 மெகாவாற் மேல் கொத்மலை நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு நெடுநாள் முன்னரே லக்சபானவிலும் நோர்ட்டனிலும் மலைநீர் மின்சாரமாயிற்று. மலைநாட்டின் நீர் நாடு முழுவதற்கும் விளக்கேற்றுகிறது. அதில் நமக்குப் பெருமையே. எனினும் மின்சாரத்தைக் கொண்டு அடுப்பெரிப்பது, நாட்சம்பளத்தை நம்பிய குடும்பத்துக்கு எட்டக்கூடியதன்று. வெளிச்சத்துக்குச் சிறிது மின்சாரம் போதும். வெப்பத்துக்கு மிகுதியாக வேண்டும்.

நீர் போதாத இடத்தை நிரப்ப நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. 2011இல் முதற் பொறியும், 2014இற்குள் மூன்று பொறிகளும் இயங்கலாயின. மொத்தம் 900 மெகாவாற். அதற்கு வேண்டிய கரி முழுவதும் கப்பலில் வருகிறது. அங்கே எரியும் கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானதே மின்சாரமாகிறது. எஞ்சியது கடலுக்கும் காற்றுக்கும் போகிறது. டென்மார்க்கில் வீடுகளைச் சூடாக்குவது அந்த எஞ்சிய பங்குதான். புத்தளத்துக் கரையில் அதற்குத் தேவையில்லை; தேவையுள்ள டயகமவோ ஐயாயிரம் அடி உயரத்தில், நெடுந்தொலைவில் இருக்கிறது. வெப்பத்தை அவ்வளவு தூரம் கொண்டுவர எவராலும் இயலாது. ஆதலின் மலைநாட்டு வெப்பம் மலைநாட்டு எரிபொருளிலிருந்தே வரவேண்டும்.

எரிவாயுவைப் பற்றியும் ஒரு சொல். 2021 அக்டோபருக்கு முன் 12.5 கிலோச் சிலிண்டர் ஒன்று 1,500 ரூபாவுக்குள் கிடைத்தது. 2022 ஏப்ரலில் அது 4,800 ரூபாவைத் தாண்டிற்று. பணம் இருந்தவனுக்கும் அப்போது சிலிண்டர் கிடைக்கவில்லை. கொழும்பில் மாடி வீட்டில் இருந்தவர்களும் விறகடுப்பைத் தேடிய நாட்கள் அவை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, இந்நாட்டுக் குடும்பங்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. விறகு பின்தங்கியவரின் எரிபொருள் என்று ஒதுக்குவோர், இந்நாட்டின் பெரும்பான்மையை ஒதுக்குகிறார்கள்.

1217உம் 1840உம்

நாம் சட்டம் பயின்றவர்கள். ஆதலாற் சட்டத்தின் வழியே சிறிது செல்வோம்.

இங்கிலாந்தில் 1217ஆம் ஆண்டு வனப் பட்டயம் ஒன்று எழுதப்பெற்றது. அரசன் தனக்கென வளைத்துக்கொண்ட காடுகளில், பொதுமக்களின் பழைய உரிமைகளை அது மீட்டுக் கொடுத்தது. வீட்டடுப்புக்கு விறகு எடுக்கும் உரிமைக்கு ஆங்கிலச் சட்டத்தில் ‘எஸ்டோவர்ஸ்’ என்று தனிப்பெயரே உண்டு. மண்ணுக்கு உடையவன் வேறாக இருந்தாலும், அடுப்புக்கு வேண்டிய சுள்ளியை எடுக்க ஊரவனுக்கு உரிமை உண்டு என்பதே அதன் பொருள்.

அதே ஆங்கிலேயர் இலங்கையில் என்ன செய்தனர்? 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் எனக் கொள்ளப்படும் என்றனர். நிரூபிக்கும் சுமையைக் கிராமத்தான் தலையில் வைத்தனர். அவ்வாறு முடியினதாகிய மலைகள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கண்டிச் சிங்களக் கிராமத்தான் தன் காட்டை இழந்தான். அக்காட்டை வெட்டித் தோட்டமாக்க வந்த நம் முன்னோரோ, எந்தக் காட்டிலும் உரிமை இல்லாதவராகவே வந்து சேர்ந்தனர். தம் நாட்டு ஏழைக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒப்புக்கொண்ட விறகுரிமையை, இம்மலையில் இருசாராருக்கும் அவர்கள் மறுத்தனர்.

பின்னர் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. குத்தகை 2045வரை நீள்கிறது. உடையவர் மாறினர்; அடுப்பின் நிலை மாறவில்லை. 2015இற்குப் பின் கட்டப்பட்ட தனி வீடுகளுக்கு ஏழு பேர்ச் காணி கொடுத்தார்கள். வரவேற்றோம். ஆனால் ஏழு பேர்ச்சில் வீடும் வாசலும் போக, விறகு மரம் வளர்க்க இடம் ஏது?

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்குச் சுள்ளி, அடிக்கட்டை, மூங்கில் முதலியவற்றைச் சேகரிக்கும் உரிமையை எழுத்தில் ஏற்றது. ஆகவே நாம் கேட்பது உலகில் இல்லாத புதுமையன்று.

மறுப்புகளுக்கு விடை

நமது கோரிக்கைக்கு மூன்று மறுப்புகள் எழும்.

முதலாவது, காடு அழியும் என்பது. இதை நாம் இலேசாகத் தள்ளவில்லை. டயகமவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி இருக்கிறது. 1988 முதல் அது தேசிய வனம். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கிருந்தே நமது ஆறுகள் பிறக்கின்றன. அவ்வனத்தில் ஒரு சுள்ளியையும் தொடவேண்டா என்பதே நமது நிலை. ஆனால் காட்டை எது காக்கும்? விறகு தேடும் தாயின் மேல் வழக்கா, அவருக்கென வளர்க்கப்பட்ட விறகுத் தோப்பா? கிராக்கோ நகரத்தார் கண்ட வரிசையை இங்கும் கடைப்பிடிக்க வேண்டும்: முதலில் மாற்று வழி, பின்னர் தடை.

இரண்டாவது, கவ்வாத்து மிலாறு போதுமே என்பது. போதாது. மலையுச்சித் தோட்டங்களில் ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டினால், மறுபடி அம்மலையை வெட்டுவதற்கு நாலைந்து ஆண்டாகும். அன்றியும், மிலாறும் இலையும் நிலத்திலேயே மட்கினால் மண்ணுக்கு உரம். சரிவில் மண் அரிப்பும் குறையும். அதை அள்ளி அடுப்பில் வைத்தால் நாளைய கொழுந்தையே எரிக்கிறோம். விவசாயிகளாகிய நீங்கள் இதை நம்மினும் நன்கு அறிவீர்கள்.

மூன்றாவது, விறகுக்கு நிலம் ஒதுக்கினால் தோட்டம் நட்டப்படும் என்பது. பயன் தராத தேயிலை நிலங்களில் யூகலிப்டஸ் நட்டு, மரமாகவும் விறகாகவும் கம்பெனிகள் பயன்பெறுவதை எல்லோரும் காண்கிறோம். உலைக்கு ஒதுக்க நிலம் இருக்கும்போது அடுப்புக்கு ஒதுக்க இல்லையென்பது நிலத்தின் குறையன்று. ஒன்று மட்டும் கூறுவோம்: யூகலிப்டஸ் நீரை மிகுதியாக உறிஞ்சும் மரம். லயத்துக்கு நீர் தரும் ஊற்றுக்கு மேலே அதை நடலாகாது.

தாழ்நாட்டு விவசாயிகளுக்கும் இதில் ஒரு பங்குண்டு. கிளிரிசிடியா என்னும் மரத்தை யாழ்ப்பாணத்தார் சீமைக்கிளுவை என்று வேலிக்கும் பசளைக்கும் வளர்ப்பர். 2005இல் அரசாங்கம் அதைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. டயகமக் குளிரில் அது செழிக்காது. தாழ்நாட்டு வெயிலில் வெட்ட வெட்டத் தழைக்கும். தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய விறகில் ஒரு பகுதியை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களிடம் நிலையான விலைக்கு வாங்கினால், விவசாயிக்கு வருமானம்; மலையிலுள்ள மரத்துக்கு ஓய்வு. புகையிலைக்குப் புகை போடப் பொச்சுமட்டை தேடி அலைந்த செய்கையாளருக்கு, உலர்த்தும் வெப்பத்தின் விலை என்ன என்று நாம் சொல்லத் தேவையில்லை.

நாம் கேட்பவை

நமது கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் தொழிலாளர் குடும்பங்களுக்கென விறகுத் தோப்பு ஒதுக்கப்பட வேண்டும். அதை நடுவதும் வெட்டுவதும் பங்கிடுவதும் தொழிலாளர் கூட்டுறவின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

இரண்டு: அத்தோப்பு விளையும்வரை, தொழிற்சாலைக்கு வாங்கும் விறகிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதந்தோறும் அளவிட்ட பங்கு பண்டமாக வழங்கப்பட வேண்டும். அதைச் சம்பளத்திற் கழிக்கலாகாது.

மூன்று: ஒவ்வொரு லயத்துக்கும், புதிய வீட்டுத் தொகுதிக்கும் கூரையிட்ட விறகுக் கொட்டில் வேண்டும். முன்னே சொன்ன 2,000த்தை 3,500 ஆக்கும் மலிவான வழி இதுவே.

நான்கு: ஒவ்வோர் அடுப்படிக்கும் புகைபோக்கி வேண்டும். 1980களிலிருந்து இந்நாட்டிலேயே குயவர் கையாற் செய்யப்படும் ‘அனகி’ மண்ணடுப்பு, குறைந்த விறகில் இரண்டு பானையைக் கொதிக்கவைக்கிறது. அதைத் தோட்டந்தோறும் கொடுப்பதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை.

ஐந்து: தொழிற்சாலை விறகைப் பயிரிடும் விவசாயிகளோடு எழுத்து மூலமான கொள்வனவு உடன்படிக்கை வேண்டும்.

இவற்றை எவ்வழியிற் பெறுவது? 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் சட்டம் சம்பளத்தைத் தீர்க்கும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது அவ்வழியிலேதான். ஆனால் விறகும் அடுப்பும் தோப்பும் சம்பளச் சபையின் தீர்மானத்தில் வருவதில்லை. அவை வருவது கூட்டு ஒப்பந்தத்தில். 1950ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி, தொழில் ஆணையாளரிடம் பதிவாகி வர்த்தமானியில் வெளியாகும் ஒப்பந்தம் இருதரப்பையும் கட்டும். அதிலுள்ள வாசகம் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை உடன்படிக்கையிலும் எழுதப்பட்டதாகவே கொள்ளப்படும். 2021இல் நாட்சம்பளம் சபையின் வழியே தீர்ந்த பின்னர் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ரூபாக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்த நம்மவர் பலர் இவ்விலகலைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் அக்கதவு அடைபட்டதால், சம்பளம் அல்லாத ஒவ்வோர் உரிமைக்கும் வாசல் அடைபட்டது. அதை மறுபடி திறப்பிப்பதே சங்கங்கள் ஒன்றுபட்டுச் செய்யவேண்டிய முதற் பணி. சங்கத்துக்குச் சங்கம் நிறம் வேறாக இருக்கலாம். எல்லார் அடுப்பிலும் எழும் புகைக்கு ஒரே நிறந்தான்.

ஒப்பந்தம் வரும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று விவரங்களை இப்பொழுதே திரட்டுங்கள். தொழிற்சாலை மாதத்துக்கு எத்தனை தொன் விறகு எரிக்கிறது? தோட்டத்திற் பயிரிடாத நிலம் எங்கே, எவ்வளவு? ஒரு குடும்பம் வாரத்தில் எத்தனை மணி நேரம் விறகுக்காகச் செலவிடுகிறது? ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் இக்கணக்கை எழுதிக் கொடுக்கட்டும். வழக்காடுவோருக்கு ஆவேசத்தைவிட ஏடு பயன்படும். மேசைக்கு மறுபுறம் இருப்பவர் கணக்கோடு வருகிறார். நாமும் கணக்கோடு செல்வோம்.

தோழர்களே, சுரங்கத் தொழிலாளி தன் கரியைக் கேட்டுப் பெற்றான். டென்மார்க்கு விவசாயி தன் வைக்கோலுக்கு விலை பெற்றான். கென்ய விவசாயி தன் தொழிற்சாலைக்குத் தானே மரம் வைத்தான். இவர்களில் எவரும் தம் நாட்டு மண் தந்ததோடு நின்றுவிடவில்லை. கூடிப் பேசிச் சட்டமாக்கினார்கள், ஒப்பந்தமாக்கினார்கள். உலகத்தின் தேநீரைச் சூடாக்கும் இலையை உலர்த்தித் தரும் மக்கள், தம் பிள்ளைக்கு ஒரு குவளை வெந்நீர் வைக்கும் விறகுக்காக எவர் தயவையும் எதிர்பார்த்து நிற்கலாகாது. அடுத்த மாரி தொடங்குமுன், ஒவ்வொரு பிரிவிலும் விறகுக் குழு ஒன்று அமையட்டும். அதன் முதற் கூட்டம் டயகமவிலேயே கூடட்டும்.